நைனாவின் சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டை

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சட்டைப் பையில், பஸ் பாஸுக்குப் பின்னால், எப்போதும் ஒரு மாத்திரை அட்டையின் துண்டு இருக்கும். மருந்தின் பெயர் அச்சிட்ட ஓரத்தை மட்டும் கத்தரித்து வைத்திருப்பார். திருத்தணி மருந்துக்கடையில் அதை நீட்டினால் முப்பது மாத்திரை வந்துவிடும். டாக்டர் சீட்டு எங்கே என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அந்தத் துண்டுதான் சீட்டு. பதினான்கு வயதில் எனக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. அரக்கோணத்து நரம்பு டாக்டர் மாத்திரை எழுதினார், அதன்பின் ஒருமுறைகூட வரவில்லை. ஆனாலும் தினமும் சாப்பாடு முடிந்ததும் நைனா உள்ளங்கையில் மாத்திரையோடு என் எதிரில் வந்து நிற்பார். நான் விழுங்கிய பிறகுதான் அவர் தட்டில் கை வைப்பார். அதைப் பாசம் என்று நம்பினேன்.

அம்மா இறந்தபோது எனக்குப் பதினேழு வயது. வீட்டில் நானும் நைனாவும் மட்டும்தான். மறுவருடம் அரக்கோணத்தில் மூளைக்கான பரிசோதனைகளை எடுத்துவிட்டு வந்தோம். முடிவு வாங்கவேண்டிய நாளில் எனக்குப் பரீட்சை இருந்ததால், நைனா தான் வேலைபார்த்த பஸ் டிப்போவில் லீவு சொல்லிவிட்டுத் தனியாகப் போய்வந்தார். ஆயுசுக்கும் மாத்திரை போட வேண்டுமாம் என்று சொன்னார். நான் அழுதேன், அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். அன்றோடு டாக்டர் வீட்டுப் படியை மிதிப்பதும் நின்றது, அட்டைத் துண்டு இருக்கும்போது டாக்டர் எதற்கு?

மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தும் முருகன் கோயில் படிகளை நான் நடந்து ஏறியதில்லை. மூச்சு வாங்கினால் வலிப்பு வந்துவிடும் என்று ஆட்டோவிலேயே மேலே கூட்டிப்போவார். பள்ளிப்பட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, "பொண்ணுக்கு வலிப்பு கீதுங்க, மறைக்க இஷ்டமில்ல" என்றார். அவர்கள் காபிகூடக் குடிக்காமல் திரும்பினார்கள். அடுத்து வந்தவர்களும் அப்படியே. பெற்ற பெண்ணின் குறையை மறைக்காத மனுஷன் என்று தெருவே அவரைப் புகழ்ந்தது. நானும் சேர்ந்து பெருமைப்பட்டேன், அதுதான் இன்னும் ஆறவில்லை.

முப்பத்திரண்டு வயதில், ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. கம்பெனி கொடுக்கும் காப்பீடு, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு முதல் சில மாதங்கள் செல்லாது, அங்கே டாக்டரைப் பார்க்கும் செலவு கையைக் கடிக்கும் என்றார் ஏஜென்ட். அதனால் மாத்திரையை இங்கிருந்தே எடுத்துப்போகச் சொன்னார். ஆனால் வலிப்பு மாத்திரையை டாக்டர் கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். அட்டைத் துண்டை அங்கே நீட்ட முடியாது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

நைனாவிடம் சொல்லாமல் அரக்கோணம் போனேன். பழைய டாக்டர் இல்லை, அவர் இடத்தில் டாக்டராக அவருடைய மகள் இருந்தார். என் பழைய ஃபைலைத் தேடி எடுத்தவர் கடைசிப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "இதை உங்க வீட்டில் சொல்லலையா?" என்று கேட்டார். பரிசோதனை முடிவு நன்றாக இருக்கிறது, மூன்று மாதத்தில் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடலாம், தந்தையிடம் விளக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. கீழே நைனாவின் கையெழுத்து. பதினான்கு வருடங்களுக்கு முந்தைய தேதி. டாக்டர் புதிதாகப் பரிசோதனை செய்தார், எல்லாம் சரியாக இருந்தது. சட்டென்று நிறுத்தக்கூடாது என்று சொல்லி, குறைத்துக்கொண்டே வரும் கணக்கைக் கடிதமாக எழுதிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை நைனாவின் முன்னால் வைத்தேன். மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"உங்கம்மாவும் போய்ட்டா. நீயும் கட்டிகினு போய்ட்டா எனக்கு யாரு கீறாங்க?" என்றார். கடிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "மாத்திர உன்ன நல்லாத்தானே வச்சிகினு இருந்துச்சி" என்றார்.

மூன்று வாரம் ஒரே வீட்டில், பேசாமல், அவருக்குச் சமைத்துப் போட்டேன்.

கிளம்பும் நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். சென்னை போகும் மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு இறங்கினார். வண்டி நகரும் நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எனக்கு எதிரில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம், "இதுக்கு வலிப்பு வரும்மா, கொஞ்சம் பாத்துக்கோ" என்றார். எல்லாம் தெரிந்த என் கண்ணெதிரிலேயே சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க, எப்பவோ சரியாயிடுச்சி" என்றேன். அந்த அம்மா ஆங், ஆங் என்று தலையாட்டினார். கூடையை நகர்த்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அரக்கோணம் தாண்டும் வரை விடவேயில்லை.