பச்சையம்மாவுக்கு வைத்த புடவை

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், கிறிஸ்துமஸ் விடுமுறையில், தென்னாப்பிரிக்காவிலிருந்து ஓர் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர் திரும்பவே இல்லை. அவருடைய கொள்ளுப்பேத்திதான் இந்த அத்தை. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் அவருக்குத் தெரிந்தது சோறு, தண்ணி, சாமி, வா, போ, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே நாள் முழுக்க என்னோடு பேசினார்.

அவர் எங்கள் ஊரான ஆரணிக்கு வந்தது ஒரு கல்யாணத்தைத் தேடி. அத்தையின் கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் ஒரே கப்பலில் போயிருக்கிறார்கள். ஆனால் கப்பல் பதிவில் இருவரும் தனித்தனி ஆட்கள். பாட்டியின் பெயர் பச்சையம்மா, ஊர் சேவூர் என்பது மட்டும் தெரிந்தது. கல்யாணம் எங்கே நடந்தது என்று பிள்ளைகள் கேட்டால் அந்த அம்மாள் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவாராம். தன்னைப் பெற்றவளைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசியதில்லையாம்.

அப்பா அத்தையைச் சர்ச்சுக்கு அழைத்துப் போனார். பாஸ்டர் பழைய கல்யாணப் பதிவுகளைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு ஜோடி இல்லை என்றார். தேவிகாபுரத்தில் இருந்த அப்பாவின் பங்காளிகளுக்கும் எதுவும் தெரியவில்லை. கல்யாணமே நடக்கவில்லையோ என்று அத்தைக்குத் தோன்றியிருக்க வேண்டும். அன்று மத்தியானம் பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது அம்மா, தலை நிமிராமல் சொன்னாள். "எங்க ஊர்ல ஒரு வூடு இருக்குது. அந்த வூட்ல மட்டும் பொண்ணுங்களுக்குப் பச்சையம்மான்னு பேரு வெக்க மாட்டாங்க."

எங்க ஊர் என்று அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. அவள் பிறந்ததும் அதே சேவூர்தான், டவுன் பஸ்ஸில் சட்டென்று போய்விடுகிற தூரம். ஆனாலும் நாங்கள் போனதில்லை. அம்மா நெசவுக்கார வீட்டுப் பெண். அப்பாவை விரும்பி, சர்ச்சில் தாலி கட்டிக்கொண்டவள். அதற்குப் பிறகு அங்கிருந்து யாரும் எங்களை எட்டிப் பார்க்கவில்லை. சிலருக்கு மாமா, தாத்தா எல்லாம் இருப்பார்கள், சிலருக்கு இருக்க மாட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அப்பாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்மா எங்கள் இருவரையும் சேவூருக்கு அழைத்துப் போனாள். அந்த வீட்டு அம்மாள் அம்மாவை அடையாளம் கண்டு ஒரு கணம் தயங்கினார். பிறகு உள்ளே வரச் சொன்னார்.

பச்சையம்மா அந்த வீட்டுக் கன்னிப் பெண்ணாம். ஏரியில் விழுந்து செத்துப் போனாளாம். அவள்தான் அவர்கள் வீட்டுத் தெய்வம், பூவாடைக்காரி. வீட்டில் எந்தக் கல்யாணம் என்றாலும், முதலில் அவளுக்குப் புதுப் புடவையும் பூவும் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் மற்றதெல்லாம். அம்மா இதைத் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொல்ல, அத்தை கைப்பையைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். பேரப்பிள்ளைகள் சூழ, நாற்காலியில் ஒரு கிழவி.

அந்த வீட்டு அம்மாள் வெகுநேரம் அதையே பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏரில யாருமே எறங்கித் தேடலியாம்," என்றார் அம்மாவிடம். "எங்க மாமியா சொல்லிகினே இருப்பாங்க. பெத்தவதான் மொதப் பொடவய வெச்சாளாம். கூறைப் பொடவயாம் அது. கன்னியா செத்தவளுக்குப் போயி யாராச்சும் கூறைப் பொடவ வெப்பாங்களான்னு எங்களுக்குத் தோணவே இல்ல பாரு."

இதை அம்மாவால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அத்தைக்குப் புரிந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கிளம்பும்போது அந்த அம்மாள், கடைசியாக நடந்த கல்யாணத்தில் பூவாடைக்காரிக்கு வைத்த பட்டுப் புடவையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வீட்டுப் பெண்கள்தான் கட்டுவது வழக்கமாம்.

அத்தை புடவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். பஸ் நிற்கிற இடத்துக்கு நேராகப் போயிருக்கலாம். அம்மா வேறொரு தெருவுக்குள் திரும்பினாள். மெதுவாக நடந்தாள். வெளியில் வாயே திறக்காதவள், உரத்த குரலில் பேசத் தொடங்கினாள். நான் நன்றாகப் படிப்பது, அப்பா ஒரு கடுஞ்சொல் சொல்லாதவர் என்பது, வீட்டுக்குப் புதுசாகத் தரை போட்டது, எல்லாவற்றையும் தமிழ் தெரியாத அத்தையிடம் தமிழிலேயே சொன்னாள். இரும்புக் கேட் போட்ட ஒரு வீட்டின் முன்னால் நின்று, பக்கத்திலேயே இருந்த என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

அது அவள் பிறந்த வீடு என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "இங்கதானேம்மா இருக்கேன், எதுக்குக் கத்தற? பசிக்குது, வா," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த பவர்லூம் சட்டென்று நின்றது. கரண்ட் போய்விட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.