போராவுக்கு நான் போட்ட ப்ராக்ஸி

இது கட்டுக்கதை இல்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். யார் காலிலும் விழுந்து நம்ப வைக்கும் எண்ணம் எனக்கில்லை. தேதி, நேரம் எல்லாம் அப்போதே குறித்து வைத்திருக்கிறேன்.

நான் ஹான். வியட்நாம்காரி. அம்மா சான் ஹோசேயில் ஒரு நெயில் பார்லரில் வேலை பார்க்கிறாள். எனக்கு மேய்ன் மாநிலத்துக் குளிரில், அறுநூறு பேர் படிக்கிற ஒரு பழைய காலேஜில் ஸ்காலர்ஷிப்போடு இடம் கிடைத்தது. எங்கள் விடுதியில் வெள்ளைக்காரப் பெண்கள் நாற்பது பேர். மற்றவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி மூன்றாம் மாடி 31-ஆம் அறையில் தனியாக இருந்த கொரியாக்காரி, போரா.

போரா என்னைவிட ஒரு சாண் உயரம். சோடாபுட்டிக் கண்ணாடி. காதோடு வெட்டிய முடி. நான் குள்ளம், கண்ணாடி கிடையாது, முடி இடுப்பு வரைக்கும். இருட்டில் நிறுத்தினால்கூட வித்தியாசம் தெரியும். ஆனால் அந்த மகாராணிகளுக்குத் தெரியவில்லை. முதல் நாளே என் அறைத்தோழி மெக்கென்னா, "ஹாய் போரா" என்றாள்.

"நான் ஹான்."

"அச்சோ, சாரிடி. ரெண்டு பேரும் ஒரே அச்சா இருக்கீங்களா, கொழம்பிட்டேன்."

அவள் வீட்டில் மூன்று நாய்கள். மூன்றும் ஒரே நிறம். போட்டோவைக் காட்டி எது பீனட், எது வேஃபிள் என்று ஒரு தடவைகூடத் தப்பாமல் சொல்வாள். படிப்பு, பணம், பல் வரிசை எல்லாம் இருந்து என்ன பிரயோஜனம்? எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அவர்கள் மேஜையில் எனக்கும் ஒரு நாற்காலி வேண்டும். அதற்காக எதையும் விழுங்கத் தயாராக இருந்தேன். போராவோடு உட்கார்ந்தால், "அது அவங்க கோஷ்டி" என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் மெஸ்ஸில் அவளைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வேறு பக்கம் போய்விடுவேன்.

அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை. மாலை 6.15. கதவு தட்டப்பட்டது. போரா நின்றாள்.

"ராம்யன் நூடுல்ஸ் செய்யறேன். ரெண்டு பேருக்கு. மேல வர்றியா?"

பின்னால் மெக்கென்னா உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அவள் கும்பலோடு நானும் பீட்சா சாப்பிடப் போவதாக இருந்தது. முதல் தடவையாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இன்னிக்கு முடியாது. படிக்கணும்."

போரா என் கோட்டைப் பார்த்தாள், செருப்புக்குப் பதில் காலில் பூட்ஸ் இருந்ததைப் பார்த்தாள். "சரி, இன்னொரு நாள்" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள்.

மறுநாளிலிருந்து நாலு நாள் விடுமுறை. அது முடிந்து முதல் வகுப்பு சரித்திரம், காலை 8.30. பேராசிரியர் விட்காம் ஆஜர் எடுத்தார்.

"போரா சோ."

பதில் இல்லை. நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். "இங்கதான இருக்க? தூக்கம் கலையலையா?" என்றார். வகுப்பே சிரித்தது.

எங்கள் வீட்டில் வாத்தியாரை நாலு பேர் முன்னால் "நீங்கள் சொல்வது தப்பு" என்று சொல்வது அவரைக் கை நீட்டி அறைவது மாதிரி. அம்மா ஒவ்வொரு போனிலும் அதையேதான் சொல்வாள். நான் எழுந்து, "பிரசெண்ட் சார்" என்றேன்.

அடுத்த பேர், "ஹான் டிரான்." அதற்கும் பிரசெண்ட் சொன்னேன். அந்த மனுஷன் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஒரே மூலையிலிருந்து ஒரே குரல் இரண்டு பேருக்குப் பதில் சொல்கிறது, முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியவருக்கு உறைக்கவில்லை.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் ஒரு வாய், இரண்டு பிரசெண்ட். போரா வகுப்புக்கு வரவே இல்லை. என் மேல் கோபம், அதனால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மாடி ஏறிப் போய்ப் பார்க்க வெட்கமாக இருந்தது.

நவம்பரில்தான் ஒன்று ஒன்றாக ஆரம்பித்தது.

"நேத்து சாயங்காலம் ஏன் ஏரிக்கரைல நனைஞ்சுக்கிட்டு நின்ன?" என்று மெக்கென்னா கேட்டாள். நேற்று மழையே இல்லை. நான் நூலகத்தில் இருந்தேன்.

"அது போராவா இருக்கும்" என்றேன்.

"யாரோ ஒருத்தி" என்று தோளைக் குலுக்கினாள்.

இன்னொருத்தி, துணி துவைக்கும் அறையில் கூப்பிட்டும் நான் திரும்பவில்லை என்று கோபித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. இதுகளுக்கு யாரைப் பார்த்தாலும் நான்தான், இல்லாவிட்டால் அவள்தான் என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 18, செவ்வாய். காலை 8.34.

"போரா சோ."

நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள்...

"பிரசெண்ட்."

எனக்குப் பின்னாலிருந்து. மெதுவாக. தொண்டையில் தண்ணீர் நிற்கிற மாதிரி ஒரு குரல்.

திரும்பினேன். பின்வரிசை காலி. ஒரு நாற்காலிக்கு அடியில் மட்டும் தரை ஈரமாக இருந்தது.

விட்காம் டிக் அடித்துவிட்டு அடுத்த பேருக்குப் போனார். வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மாலை 4.40. வெளியே பனி. அந்த ஊரில் அந்நேரத்துக்கே இருட்டிவிடும். மனது கேட்காமல் மூன்றாம் மாடிக்கு ஏறினேன். 31-ஆம் அறை. தட்டினேன்.

உள்ளே தண்ணீர் கொதிக்கிற சத்தம்.

"போரா... நான் ஹான்."

சத்தம் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம், மிகப் பக்கத்தில்...

"சாப்டியா?"

அந்தக் காலேஜில் மூன்று மாதமாக ஒருத்தரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

"இன்னும் இல்ல" என்றேன்.

கதவுக்கு அடியிலிருந்து பனிக்காற்று வந்து கால் விரல்களைத் தொட்டது. பிடியைத் திருகினேன். பூட்டியிருந்தது.

கீழே ஓடினேன். வார்டன் லொரெய்ன் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே, 31 என்று எழுதிய மாற்றுச் சாவியை நீட்டினாள்.

"போன வாரம்தான வாங்கிட்டுப் போன? ஒரு சாவிய ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதா போரா?"

நான் சாவியே வாங்கியதில்லை.

4.52. கதவைத் திறந்தேன்.

இருட்டு.

ஜன்னல் திறந்து கிடந்தது. படுக்கை மேல் பனி.

மேஜையில் இரண்டு கிண்ணம். இரண்டு ஜோடி குச்சி. நூடுல்ஸ் காய்ந்து, கல்லாகி...

அடுப்பு ஜில்லென்று இருந்தது.

யாரும் இல்லை.

போலீஸுக்கு நானே போன் செய்தேன். வியாழக்கிழமை, 20-ஆம் தேதி, காலை எட்டு மணியிலிருந்து பகல் பன்னிரண்டு வரை என்னை ஸ்டேஷனில் உட்கார வைத்து விசாரித்தார்கள். அந்த நேரத்தில்தான் ஏரியிலிருந்து போராவின் உடலை எடுத்தார்கள். எப்படி விழுந்தாள் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. அவள் போனில் கடைசிப் பதிவு அக்டோபர் 10, மாலை 6.40. என் கதவிலிருந்து திரும்பிப் போய் இருபத்தைந்து நிமிஷம்.

ஐந்தரை வாரம் ஒருத்தரும் தேடவில்லை. கொரியாவில், தேகு ஊரிலிருந்து அவள் அம்மா, "மகள் போனை எடுக்கவில்லை, தயவுசெய்து பாருங்கள்" என்று காலேஜுக்கு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறாள். இரண்டுக்கும் அலுவலகம் ஒரே பதில்தான் அனுப்பியிருக்கிறது: "உங்கள் மகள் தவறாமல் வகுப்புக்கு வருகிறாள்." ஆஜர் பட்டியலைப் பார்த்து எழுதிய பதில். அந்த டிக் எல்லாம் நான் போட்டது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

அஞ்சலிக் கூட்டத்தில் மெழுகுவத்திகளுக்கு நடுவே பெரிதாக ஒரு படம் வைத்தார்கள். மெக்கென்னா தேம்பித் தேம்பி அழுதாள். விட்காம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

படத்தில் இருந்தது நான்.

டிசம்பரில் மார்க் ஷீட் வந்தது. என் பேருக்கு எதிரே, "சரித்திரம்: ஒரு நாள்கூட விடுப்பு இல்லை" என்று போட்டிருந்தது. தப்பாக இருக்கும் என்று அலுவலகத்துக்குப் போய்ப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

நவம்பர் 20, வியாழன், காலை 8.30. நான் ஸ்டேஷனில் இருந்த நேரம்.

போரா சோ, ஆப்சென்ட்.

ஹான் டிரான், பிரசெண்ட்.