ஐஸில் வைத்த டப்பா

இந்தக் கொல்கத்தாவில் நாமெல்லாம் அக்காவாக நினைத்து 'தீதி' என்று கூப்பிட்ட கோமதி தீதி போய்விட்டார் என்று டாக்குரியாவில் அவர் வீட்டிலிருந்து போன் வந்ததும், "சரியாப் பார்த்தாங்களா?" என்றுதான் கேட்டேன். யார் எதைச் சொன்னாலும் இன்னொரு தரம் பார்க்கச் சொல்கிறவர் அவர். அவரை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இருக்காது.

விந்துப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப் முன்னால் காலம் கழித்தவர். அப்போது எனக்கும் சுமதிக்கும் கல்யாணமாகி நாலு வருடம், குழந்தை இல்லை. குறை சுமதியிடம்தான் என்றார் அம்மா. நானும் அதையே நம்பினேன். அவளுக்கு ஒரு கோளாறும் இல்லையென்று வந்த ரிப்போர்ட்டைக்கூடச் சந்தேகப்பட்டேன். கடைசியில் அவள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்து, "நீங்க டெஸ்ட் பண்ணிக்கலேன்னா நான் கிளம்பறேன்" என்றாள்.

வீட்டிலிருந்து சாம்பிள் டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தீதி பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஒண்ணுகூட அசையலையே! எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"கெட்டுப் போகாம இருக்க, ஐஸ்ல வச்சு."

"அட கடவுளே, இது என்ன இலிஷ் மீனா? உடம்புச் சூட்டோட வரணும். குளிர் பட்டா வால் அடிக்கிறது நின்னுபோயிடும்."

மறுமுறை சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். "உங்களோடதுதானே? ஃப்ரெண்டுதைக் கொண்டு வர்றவங்களையும் பார்த்திருக்கேன்" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அவர் மைக்ராஸ்கோப்பை என் பக்கம் திருப்பினார். இருந்ததே கொஞ்சம், அதிலும் பல, முன்னே நீந்தாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.

"இன்னிக்குப் பார்க்கிறது ரெண்டரை மாசம் முன்னாடி உருவாக ஆரம்பிச்சது. மூணு மாசம் கழிச்சு வாங்க, மறுபடி பார்த்துட்டுத்தான் எழுதுவேன்."

மூன்று மாதம் கழித்தும் அதே கதை. வேறு இடத்தில் காட்டுகிறேன் என்றேன்.

"தாராளமா. என்னைச் சந்தேகப்படுங்க. நாலு வருஷமா பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டீங்களே, ஒரு நாளாவது உங்களைச் சந்தேகப்பட்டீங்களா?"

வேறு இடத்திலும் அப்படியே வந்தது. அந்த ரிப்போர்ட்டை அம்மாவின் முன்னால் வாய்விட்டு வாசித்தேன். அத்தனை மாதமும் வாசலிலேயே இருந்த பெட்டியைச் சுமதி உள்ளே எடுத்துப் போனாள். குழந்தை வரவில்லை, சுமதி இருக்கிறாள்.

நேற்று செய்தியைச் சொன்னதும் அவள் விம்மி விம்மி அழுதாள். தீதியை இவள் பார்த்ததே இல்லையே என்று எனக்குச் சுருக்கென்றது. சந்தேகப் புத்தி போகவில்லை, பாருங்கள்.

"உங்க டெஸ்ட் நடந்தப்ப தினமும் அவங்களுக்குப் போன் பண்ணுவேன்" என்றாள். "ரிசல்ட் என்னன்னு கடைசி வரைக்கும் சொல்லலை. 'அவர் வாயாலேயே சொல்வார், பொறும்மா'ன்னுதான் சொல்வாங்க."

எதையும் இரண்டு தரம் பார்க்காமல் நம்பாதவர், நானே உண்மையைச் சொல்லிவிடுவேன் என்பதை மட்டும் ஒரு தரம்கூடப் பார்க்காமல் நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கையை மட்டும் நான் மறுபடி சரிபார்க்காமல் வைத்துக்கொள்கிறேன்.