குருத்தோலைக்காக மரமேறிய எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் கைகளில் இந்த நினைவு மலரை வைக்கிறோம்.

பாப்பிரெட்டிப்பட்டியை அடுத்த விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார் அண்ணன். அப்பா சீக்கிரமே இறந்துவிட, நிலத்தையும் பார்த்துக்கொண்டு தம்பியான என்னையும் படிக்க வைத்தார். குருத்தோலை ஞாயிறுக்குக் கோயிலில் சிலுவை பின்னிப் பழகிய கை அவருடையது. பின்னாளில் பயிற்சி முடித்து, ஏரியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பகுதிநேரக் கைத்தொழில் ஆசிரியராகி, அங்கேயே குடியேறினார். வெள்ளிக்கிழமை பிற்பகலில் பிள்ளைகள் பனையோலையில் கிலுகிலுப்பையும் பெட்டியும் பின்னுவார்கள். கணக்கு வகுப்பில் தலை குனிந்திருப்பவர்களும் அங்கே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஓலை வெட்டித் தருபவர் வரவில்லை. பிள்ளைகள் காத்திருக்கிறார்களே என்று அண்ணனே பனை ஏறினார். கால் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. பள்ளியில் ஓலை வகுப்பையே நிறுத்திவிட்டார்கள்.

"வுழுந்தது நானு. புள்ளைங்க வகுப்ப ஏன்டா நிறுத்தறாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தப் பிள்ளைகளில் சிலர் சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்தார்கள். கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பின்னினார்கள். பின்னல் தப்பினால் அண்ணன் படுத்தபடியே பிரித்துச் சரிசெய்து கொடுப்பார். விழுந்த பிறகு அவர் சிரித்தது அந்தச் சில மாதங்களில்தான். பிறகு படுக்கைப்புண் வந்தது; ஆழமாகிச் சீழ் பிடித்தது. ஒரு நாள் பிள்ளைகள் போனதும் அண்ணியைக் கூப்பிட்டார்.

"இனிமே அதுங்கள வூட்டுக்கு வர வேண்டாம்னு சொல்லிரு."

"ஏனுங்க, அதுங்க வந்தாத்தான நீங்க ரெண்டு வாய் சாப்படறீங்க?"

"இத்தன நாத்தத்துல ஒண்ணு கூட மூக்கப் பொத்தல. அடக்கிக்கிட்டு உக்காந்திருக்குதுங்க. என்னால பாக்க முடியல."

சொல்லியனுப்பினோம். அதன்பின் அண்ணன் ஓலையைத் தொடவில்லை. புண்ணின் நஞ்சு ரத்தத்தில் கலந்து, மழைக்காலத்தில் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. கடைசியில் எங்கள் யாரையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

வீடு தேடி வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்ட செவிலியருக்கும், அவரைத் தூக்கிச் சுமந்த பக்கத்து வீட்டாருக்கும், அந்தப் பிள்ளைகளுக்கும், அவர்களைத் தடுக்காமல் அனுப்பிய பெற்றோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணியின் பெயரையும் சேர்க்கப்போகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

"எனக்கெல்லாம் நன்றி எழுதாதீங்க தம்பி. அவரத் திருப்பிப் படுக்க வெக்கணும்னு இன்னமும் தூக்கத்துல எந்திரிச்சு உக்காந்துக்கறேன். அது நிக்கணும்னு எல்லாரையும் ஜெபம் பண்ணச் சொல்லுங்க" என்றார்.

உறவுகளே, அதற்காக ஜெபியுங்கள்.