சுஜாதா அக்கா எடுத்த குட்டை ரிம்

இழுத்துக் கட்டியிருக்கும் எதையும் சுஜாதா அக்கா சுண்டாமல் விடமாட்டாள். மொட்டைமாடித் துணிக்கொடி, கேபிள் ஒயர், தெருவில் பந்தல் போட்டால் அதன் கயிறு. நடுவிரலால் ஒரு சுண்டு. தலையை இடப்பக்கம் சாய்த்து ஒரு நொடி நிற்பாள். பிறகு நடப்பாள். ஒன்பது வருஷமாகப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஓசூர் பக்கத்து மத்திகிரியில் கீழே பட்டறை, மேலே வீடு. இரண்டும் சிவராஜ் மாமாவுடையவை. அவர் அக்காவின் கணவருக்குத் தாய்மாமன். கல்யாணமாகி வந்த மறுவாரமே, "சும்மாதான இருக்க, கீழ வந்து உக்காரு" என்றார். அன்று உட்கார்ந்தவள்தான். நடுவிலுள்ள ஹப்பிலிருந்து வெளிவளையமான ரிம்முக்குக் கம்பி கோத்து, முடுக்கி, கோட்டம் எடுத்து சைக்கிள் சக்கரம் கட்டுவது அக்காவின் வேலை. கம்பி எடுத்துக் கொடுப்பதும் பெட்டி கட்டுவதும் என் வேலை.

கம்பியின் இறுக்கத்தை அளக்க ஒரு மீட்டர் உண்டு. மாமா அதை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். "கீழ போட்டீங்கன்னா யாரு ரிப்பேர் பண்றது?" என்பார். அதனால் அக்கா காதால் அளந்தாள். எல்லாக் கம்பியும் ஒரே சத்தம் தரும்வரை சுண்டிச் சுண்டி முடுக்குவாள்.

போன வருஷம் பெங்களூரிலிருந்து விமல்ராஜ் வந்தார். மண்ரோட்டிலும் கல்ரோட்டிலும் ஓட்டுகிற கிராவல் சைக்கிள் விற்பவர். கார்பன் ரிம்மில் இரண்டு வகை கொண்டுவந்திருந்தார். சக்கர அளவு இரண்டுக்கும் ஒன்றுதான்; ஒன்றின் பட்டை உள்பக்கமாக உயரமானது, இன்னொன்று குட்டை.

"ஒரு ஜோடி கட்டித் தாங்க. தேன்கனிக்கோட்டை காட்டு ரோட்ல மூணு மாசம் ஓட்டிப் பாக்கறோம். கோட்டம் வரலன்னா, இவங்கள எங்க கடைக்கு அனுப்பிடுங்க சிவராஜ். தினம் பஸ்ல வந்து போவட்டும்."

மாமா சிரித்தார். "கூட்டிக்கினு போ. நானா தடுக்கறன்?"

அக்கா கம்பியை முடுக்கிக்கொண்டே இருந்தாள். விமல்ராஜ் போன பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அத்திப்பள்ளி பார்டர் தாண்டி நான் ஒருவாட்டிகூட தனியா போனதில்ல, ரூபா."

மாமாவுக்கு உயர ரிம்தான் பிடித்தது. "பாக்க கெத்தா இருக்குது. இதையே கட்டு" என்றார். அக்கா ஒன்று கட்டினாள். எல்லாக் கம்பியும் ஒரே சத்தம். ஆனால் சக்கரத்தைத் தரையில் சாய்த்து அமுக்கியதும் கறுக்கென்றது. கம்பிகள் தொளதொளவென்று இருந்தன. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் பழைய அலுமினியச் சக்கரத்தின் கம்பியை எடுத்து, இதன் கம்பியோடு சேர்த்து வைத்தாள். ரிம் உயரம் என்பதால் இந்தக் கம்பி ஒரு கட்டைவிரல் அகலம் குட்டை.

"குட்டைக் கம்பி கம்மி இறுக்கத்துலயே அதே சத்தம் போடுது, ரூபா. என் காது நீளக் கம்பிக்குப் பழகினது. ஏமாந்துட்டன்."

மாமாவிடம் மீட்டரைக் கேட்டாள். "எட்டு வருஷமா அது இல்லாமதான கட்டின?" என்றார்.

அக்கா குட்டை ரிம்மைக் கையில் எடுத்தாள். செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு துளையாகப் பார்த்தாள். விளிம்பின் அகலத்தில் டயரை வைத்துப் பார்த்தாள். இதற்கு வேண்டிய கம்பி, அலுமினியச் சக்கரத்துக் கம்பியின் நீளமேதான். அவள் காது தப்பாது.

"இதுதான் மாமா."

"வாய் மொளைச்சிடுச்சா? நான் எதைக் கட்டச் சொன்னன்?"

"கல்லு ரோட்டுக்கு இதுதான். சாரை வேணா கேளுங்க."

அதுவரை அவள் மாமாவிடம் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. விமல்ராஜ் போனிலேயே சரியென்றுவிட்டார். அக்கா ஒரு ஜோடி கட்டி அனுப்பினாள்.

மூன்று மாதம் கழித்து, சேறு காய்ந்த சக்கரங்களோடு அவரே வந்தார். ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றினார். "முடி அளவுகூட ஆடல" என்றார். அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

மாமா முந்திக்கொண்டார். "இந்தக் கைய அனுப்பிட்டு நான் இங்க ஈ ஓட்டவா? உனக்கு சக்கரம்தான வேணும்? எத்தினி வேணும்னு சொல்லு, இங்கிருந்தே வரும்."

விமல்ராஜ் அக்காவை ஒருமுறை பார்த்தார். "அதுவும் சரிதான். எங்களுக்கு வீல் வந்தா போதும்."

"அன்னிக்கு அனுப்பறன்னு சொன்னீங்களே மாமா" என்றாள் அக்கா.

"சிரிப்புக்குச் சொன்னதம்மா அது."

அக்காவின் கணவர் வாசலில் நின்றிருந்தார். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் மாமா மீட்டரை எடுத்து வந்து அக்காவின் மேசையில் வைத்தார். "இனிமே உயர ரிம்மும் கட்டலாம் பாரு" என்றார்.

இப்போது வாரம் நான்கு ஜோடி கார்பன் சக்கரம் பெங்களூருக்குப் போகிறது. பெட்டிகளை ஓசூர் பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோவில் கொண்டுபோய் ஏற்றிவிடுவது நான். அக்கா கீழே சக்கரம் கட்டுகிறாள், மேலே சமைக்கிறாள். அத்திப்பள்ளியை இன்னும் தாண்டவில்லை.