ஐம்பத்தோராவது பாட்டு

பாட்டு ஓடும்போது கத்திரி அக்கா பாட்டைக் கவனிப்பதில்லை. கேட்கிறவர்களின் கால்களைக் கவனிப்பார். மேசைக்கு அடியில் எவர் பாதமாவது தாளம் போட்டால் தாளில் ஒரு கோடு, இல்லையென்றால் புள்ளி. நான் வேண்டுமென்றே காலை ஆட்டிப் பார்த்தேன். "அது தாளத்துக்கு ஆடல, கொசுவுக்கு ஆடுது" என்றார், தலையைத் தூக்காமல்.

இசைத்தட்டு நிறுவனத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் அவருக்கு வேலை. பத்தாண்டுக்கு ஒருமுறை வெளியாகும் 'நாட்டின் ஐம்பது பாடல்கள்' தொகுப்புக்குப் பாட்டுப் பொறுக்குபவர் அவர்தான். ஆயிரம் பாட்டை வெட்டித் தள்ளுவதால் அந்தப் பெயர். அது அவருக்கும் தெரியும். அலுவலகத்தார் கேலியாகப் பரிசளித்த கத்திரியில்தான் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிறார்.

பத்திரிகைக்கு அவரைப் பற்றி எழுத வந்ததாகச் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. முப்பது வருடங்களுக்கு முன் ஒரே ஒரு பாட்டு எழுதினேன்; அது நன்றாக ஓடியது. பிறகு பாட்டு எழுதவில்லை. அதை எழுதியவன் நான் என்று ஊருக்குச் சொல்வதையே தொழிலாக வைத்துக்கொண்டேன். கடைசி இடத்துக்கு இரண்டு பாட்டுகள் மோதுவதாகவும், ஒன்று என்னுடையது என்றும் கேள்விப்பட்டதும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான்கு நாள் போனேன். என் பாட்டைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று சபதம். ஆனால் வானிலையைப் பற்றிப் பேசினாலும் பேச்சு அதில்தான் போய் நின்றது. நான்காம் நாள், வெட்டியதற்காக எப்போதாவது வருந்தியதுண்டா என்று கேட்டேன்.

"போன தடவ எங்கக்கா பாடினத வெட்டிட்டேன். அவ ஒண்ணும் கேக்கல. சாப்பிட்டுட்டுப் போடின்னு மட்டும் சொன்னா. அன்னைலேருந்து என் முன்னாடி அவ பாடறதில்ல."

பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் தள்ளினார்.

"உங்க பாட்டு எனக்குப் பிடிக்கும் சார். எனக்குப் பிடிச்சதுங்கறதுக்காக நாட்டுத் தலையில கட்ட முடியாதுல்ல?"

என்னை வென்றது எது என்று விசாரித்தேன். ஒரு காலத்தில் வானொலியில் வந்த சோப்பு விளம்பரப் பாட்டாம். மொத்தம் எட்டு வரி. பெருந்தன்மையாகச் சிரிக்க முயன்றேன். தும்மல் போல வந்தது.

"கேட்டுட்டுத் திட்டுங்க" என்று ஹெட்போனை முந்தானையால் துடைத்து என் காதில் மாட்டிவிட்டார்.

குறை கண்டுபிடிக்கத் தயாராகக் காதைத் தீட்டிக்கொண்டேன். முதல் வரி அசட்டுத்தனம். இரண்டாவதில் இலக்கணப் பிழை. மூன்றாவது வரியில் எங்கள் வீட்டுக் குளியலறை வந்துவிட்டது. அந்தப் பாட்டைப் பாடாமல் என் சின்ன மகள் தலையில் தண்ணீர் ஊற்றவே விடமாட்டாள். ஈரக் கையும் நுரையுமாக, தினமும் காலையில் நானே பாடியிருக்கிறேன். என் பாட்டை எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் பாடியதில்லை, நான் உட்பட.

கண்ணாடியைக் கழற்றினேன். அக்கா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, காலி இழுப்பறையில் மும்முரமாக எதையோ தேட ஆரம்பித்தார்.