அணைக்கட்டுக்குத் திரும்பியவள்

அம்மாவுக்கு சினிமா பிடிக்காது என்றுதான் இருபத்தாறு வயதுவரை நம்பியிருந்தேன். நானோ பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்துவிட்டு, சிநேகிதிகள் மூன்று பேரோடு அம்மா புலம்பெயர்ந்து வந்த வால்தம்ஸ்டோவில் ஒரு சின்னத் திரைப்படக் கழகம் நடத்துகிறவள். சோசலிச நாடுகளில் பெண்கள் எடுத்த படங்களை வரிசையாகக் காட்டுவதென்று தீர்மானித்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. அங்கே பெண்களின் கையில் கமெராவைக் கொடுத்தார்கள் தெரியுமா என்று சாப்பாட்டு நேரத்திலும் பிரசங்கம்தான்.

"கமெரா ஒண்டு ரெண்டு பேருக்குத்தான் குடுத்தவை," என்றார் அம்மா, பருப்பைக் கிளறிக்கொண்டே. "படத்தை வெட்டி ஒட்டுற மேசைதான் பொம்பிளையளுக்கு. தையல் மாதிரி வேலை எண்டு நினைச்சினமாக்கும்."

அம்மா சோவியத் காலத்தில் மொஸ்கோவில் பொறியியல் படித்தவர். அந்த நாட்களைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. அன்று அடுப்பை அணைத்துவிட்டுத் தானாகவே கேட்டார்: "அந்த அணைக்கட்டுப் படத்தைத் தேடி எடுக்க ஏலுமோ?"

படத்தின் பெயர் அவருக்கு மறந்துபோயிருந்தது. மலையாறு ஒன்றில் அணை கட்டும் பெண் பொறியியலாளர். நகரத்திலிருந்து கணவன் திரும்பி வரச் சொல்கிறான். இயக்கியவரும் ஒரு பெண். இவ்வளவை வைத்துக்கொண்டு மூன்று மாதம் தேடினேன். கிடைத்த பிரதியில் சப்டைட்டில் இல்லை.

"அதுக்கென்ன, நான் சொல்லுறன். விடுதியிலை நான்தானே சொல்லுறனான்."

விடுதியில் சனிக்கிழமை தோறும் படம் போடுவார்களாம். புதிதாக வந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு மொழி தெரியாது. அம்மா அவர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு வசனங்களைத் தமிழில் சொல்லுவார். கணவன், குழந்தை, கட்சிச் செயலாளர் எல்லாருக்கும் ஒரே குரல். அழக்கூடாது, சிரிக்கக்கூடாது. "நடிக்கிறதுக்கு அங்கை ஆள் இருக்கு. நான் சொன்னால் காணும்."

ஞாயிறு பூசை முடிந்தபின் கோவில் மண்டபத்தில் தமிழ்ப் பெண்களுக்காகப் படம் போடுவதென்று ஏற்பாடாயிற்று. அம்மா முதலில் அழைத்தது மன்னார் அன்ரியை. குட்மேய்ஸில் இருக்கிறார், பாடசாலைச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மாவோடு அதே விடுதியில் இருந்தவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அன்று காலை சிநேகிதி ஒருத்தி எங்கிருந்தோ ஆங்கில சப்டைட்டிலைப் பிடித்து அனுப்பிவிட்டாள். படியேறி ஓடினேன்.

"அம்மா, சப்டைட்டில் வந்திட்டுது! நீங்கள் தொண்டையைக் கெடுக்கத் தேவையில்லை."

சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்தார்.

"அதைப் போடாதை."

"ஏனம்மா? சரியான மொழிபெயர்ப்பு."

"அதுதான். நான் அண்டைக்குப் பிழையாச் சொன்னனான்."

மன்னார் அன்ரிக்கு அங்கே திரைப்படப் பள்ளியில் படத்தொகுப்புப் படிக்க இடம் கிடைத்திருந்தது. முதல் வருடம் மொழி படித்துக்கொண்டிருந்தபோதே கலியாணம் பேசியிருக்கிறது, வா என்று தகப்பனிடமிருந்து கடிதம். போவதா, நிற்பதா என்று அன்ரி தவித்த வாரத்தில்தான் இந்தப் படம். கணவன் தொலைபேசியில் கேட்கிறான், வீட்டுக்கு வருவாயா என்று. வரமாட்டேன், என் வேலை இங்கே என்கிறாள் அவள். அம்மா அதை "வாறன்" என்று சொல்லிவிட்டார்.

"எனக்குப் படிப்பு முடிஞ்சு ஊருக்குத் திரும்பவேண்டிய நேரம். ஊரிலை ஊரடங்கு, செக்கிங். தனியப் போகப் பயமா இருந்ததடி. ஒரு சொல்லுத்தானே எண்டு நினைச்சன். அடுத்த கிழமை அவளும் டிக்கெட் எடுத்திட்டாள்." ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுக்குப் பிறகு அவள் அந்த வெட்டி ஒட்டுற மேசையிலை இருந்ததே இல்லை. எத்தினை தரம் சொல்ல வெளிக்கிட்டன், ஏலேல்லை. படத்துக்குள்ளை எண்டால் சொல்லலாம்."

சப்டைட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனோம்.

பட்டப்பகலில் திரைச்சீலைகளை இழுத்து மூடினோம். மண்டபமெங்கும் பொரித்த பற்றிஸ் பலகாரத்தின் வாசம். ஐந்து பக்கத்தில் நான் எழுதி வந்திருந்த முன்னுரையில் இரண்டாம் பக்கத்துக்கு மேல் யாருக்கும் பொறுமை இல்லை. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் ஒருவர், "இதென்ன, பாட்டு ஒண்டும் இல்லையோ?" என்றார்.

"பொறும். அணை உடையேக்கை பாடுவினம்," என்றார் பக்கத்திலிருந்தவர்.

அம்மா மைக்கைப் பிடித்தபடி, ஏற்ற இறக்கமில்லாமல் சொல்லிக்கொண்டே போனார். தொலைபேசிக் காட்சி வந்தது. கணவன் கேட்டான். திரையில் அந்தப் பெண்ணின் உதடுகள் அசைந்து நின்றுவிட்டன. அம்மா மைக்கை மற்றக் கைக்கு மாற்றினார்.

"வரமாட்டன். என்ரை வேலை இங்கை."

அதே தட்டையான குரல். இரண்டாம் வரிசையில் அன்ரி மடியில் கைப்பையை வைத்தபடி அசையாமல் இருந்தார்.

படம் முடிந்து எல்லாரும் போனபின், கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மைக் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் அன்ரி வந்தார்.

"இந்த முறை சரியாச் சொன்னனீ."

அம்மாவின் கை நின்றது. "உனக்குத் தெரியுமோ?"

"ரிசீவரை வைக்கிறாள். அடுத்த ஷொட்டிலை அணைக்கட்டிலை நிக்கிறாள். வாறன் எண்டு சொன்னவள் ஏன் அங்கை போறாள்? நீ மாத்திச் சொல்லலாம். படம் வெட்டினவள் மாத்தேல்லையே."

"பிறகேன்டி என்னோடை வந்தனீ?"

"நீ பொய் சொன்னதாலைதான். பொய்யே சொல்லாதவள் சொல்லுறாள் எண்டால், எவ்வளவு பயந்திருப்பாள் எண்டு நினைச்சன்."

வயர் அம்மாவின் கையிலிருந்து சுருள் அவிழ்ந்து தரையில் விழுந்தது. அன்ரி சொன்னது மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று எனக்கு இன்றும் தெரியாது. எதையாவது செய்யவேண்டும் போலிருந்தது, கதிரைகளை அடுக்கினேன்.

"பிள்ளை," என்று அன்ரி என்னைக் கூப்பிட்டார். "உந்தப் படத்திலை எடிட்டிங் ஆரெண்டு போட்டிருக்கு?"

இயக்குநரைப் பற்றி ஐந்து பக்கம் எழுதிய நான் அதைப் பார்த்திருக்கவே இல்லை. மடிக்கணினியை மறுபடி திறந்து, எழுத்துகள் ஓடும் இடத்தில் நிறுத்தினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பெண்ணின் பெயரை வாசித்தார்.

"இன்னொருக்கா வாசி," என்றார் அன்ரி.

அம்மா வாசித்தார். குரலை இந்த முறை அவரால் பிடித்துவைக்க முடியவில்லை.